முந்நூற்று அறுபது ரூபிள்

பசு வரவில்லை.
அவ்வளவுதான் ஆரம்பம்.
செப்டம்பர் மாலை. அடுப்பில் தேநீர், சார்ஜில் போன்.
ஏரிக்கரை வரைதானே என்று
வீட்டு அங்கியோடும் ரப்பர் பூட்ஸோடும் இறங்கினேன்.

கழுத்து மணி அங்கே கேட்டது.
அங்கே போனால், இன்னும் கொஞ்சம் அங்கே.
பிறகு மூடுபனி வந்து
யாகூத்தியாவின் லார்ச் மரங்கள் அத்தனையையும்
ஒரே மரமாக்கிவிட்டது.

நடந்தேன். வேகமாக நடந்தேன்.
வழி தெரியாதவள்தான் வேகமாக நடப்பாள்.
சேற்றில் ஒரு காலடியைப் பார்த்து
யாரோ இருக்கிறார்கள் என்று கத்தினேன்.
வலது குதிகாலில் ஒரு வெட்டு.
போன வருடம் விறகு பிளக்கையில் கோடரி பட்டது.
என் பூட்ஸ்தான்.

உட்கார்ந்தேன்.
அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

தீப்பெட்டி இல்லை. கத்தி இல்லை.
இருந்தவை ஐந்து பொத்தான், ஒரு கைக்குட்டை,
இருட்ட இன்னும் ஒரு மணி நேரம்.
சதுப்போரம் காய்ந்து நின்ற புல்லைப்
பிடுங்கிப் பிடுங்கி அங்கிக்குள் திணித்தேன்,
கைகளுக்குள், முதுகுக்குள், பூட்ஸுக்குள்,
வைக்கோல் பொம்மை மாதிரி ஆகும்வரை.
விழுந்து கிடந்த லார்ச்சின் வேரடியில்
குட்டை பிர்ச் கிளைகளை முழ உயரம் பரப்பி
அதன்மேல் சுருண்டேன்.
சூட்டை முதலில் திருடுவது தரைதான்.
காற்று அப்புறம்தான்.

காட்டுக்கு உடையவன் பாயனாய்.
வெறுங்கையோடு அவன் வீட்டில் தூங்கக்கூடாது.
ஒரு பொத்தானைக் கடித்தெடுத்து
கிளையிடுக்கில் வைத்து
மிச்சம் நிலுவை என்றேன்.
பள்ளிக்கூடத்துக் கணக்கெழுதும் வாய்.

பல் அடித்துக்கொண்டே இருந்தது.
அடிப்பது நின்றபோதுதான் பயந்தேன்.
எழுந்து மிதித்தேன், கெட்டவார்த்தை சொன்னேன்,
திரும்ப அடிக்கத் தொடங்கும்வரை மிதித்தேன்.

விடிந்தபோது உறைபனி. 
சிவந்த லிங்கன்பெரிகள், கண்ணாடி மணி போல,
வாயில் போட்டால் புளிப்புக்கு முன்னால் குளிர்.
மதியம் ஹெலிகாப்டர் வந்தது.
கைக்குட்டையை ஆட்டினேன்.
பிர்ச் இலைகளும் ஆடின.
சாம்பல் அங்கிக்காரி, புல் அடைத்தவள்,
காட்டின் நிறத்தில் இருந்தேன்.
அது போய்விட்டது.
அப்போது கொஞ்சம் அழுதேன், அதை எழுதத் தேவையில்லை.

இரண்டாம் இரவில் தூங்கிவிடக்கூடாதென்று
மதிய உணவுக் கணக்கை எடுத்தேன்,
மனசுக்குள், வரி வரியாக.
இரண்டு வாரமாக முந்நூற்று அறுபது ரூபிள் இடித்துக்கொண்டிருந்தது.
மாவு, சரி. வெண்ணெய், சரி.
எந்நேரமென்று தெரியவில்லை,
முந்நூற்று அறுபது ஒன்பதால் வகுபடுமே என்று
சத்தமாகச் சொன்னேன்.
ஒன்பதால் வகுபட்டால்
இலக்கம் ஏதோ இடம் மாறி நிற்கிறது.
முட்டைக்கோஸ்!
எண்ணூற்று நாற்பதை
நானூற்று எண்பது என்று எழுதியிருக்கிறேன்.
இருட்டில் சிரித்தேன்.
எதுவோ புதருக்குள் விழுந்தடித்து ஓடியது.

மூன்றாம் நாள் ரம்பச் சத்தம்.
எழுந்து ஓடவில்லை.
மணிச்சத்தம் பின்னால் ஓடிய கதை ஒன்று போதும்.
பனி விலகட்டும், சூரியன் தெரியட்டும் என்று இருந்தேன்.
அதே திசையில் மூன்று முறை கேட்ட பிறகு
இருபது அடிக்கொரு கிளை ஒடித்துப் போட்டு நடந்தேன்,
பொய்யென்றால் திரும்பிவர.

ஜுலுஸ்தான் விறகு வெட்டிக்கொண்டிருந்தான்.
என்னைப் பார்த்து ரம்பத்தை அணைக்க மறந்தான்.
பிறகு அணைத்துவிட்டுச் சொன்னான்,
"துயாரா, உன் பசு
அன்றைக்கு ராத்திரியே வந்துவிட்டது."

பிள்ளைகளை நினைத்தாயா, கடவுளை நினைத்தாயா
என்று கேட்கிறார்கள்.
முட்டைக்கோஸை என்கிறேன்.
அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று
தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போடுகிறார்கள்.

அன்று கொட்டிலில் நின்று
அங்கிக்குள்ளிருந்த புல்லை உருவிப் போட்டேன்.
பசு ஒருமுறை மோந்து பார்த்தது.
பிறகு நிதானமாக,
என் இரண்டு இரவையும்
தின்னத் தொடங்கியது.